நடுக்கட்டத்துப் பூ

ஊசி காணாமல் போனால், "நான்தான் எங்கயோ வச்சிட்டேன்" என்பார். கரண்ட் போனால், "ரெண்டு இஸ்திரிப் பொட்டிய ஒரே பிளக்குல சொருகிட்டேன், என் தப்பு" என்பார். மழை பெய்து பாதிப் பேர் வராவிட்டால்கூட, "சனிக்கிழமைன்னு வச்சது நான்தான, வெள்ளிக்கிழமை வச்சிருக்கணும்" என்பார். வெள்ளிக்கிழமையும்தான் மழை பெய்தது. யாரும் அதை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

பிள்ளைகளா, அவர் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி எழுதுவதற்கே எனக்கு அருகதை இல்லை, பெயரை வேறு இழுப்பானேன். நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டோம். உண்மையில் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் பெரிய மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தையல் பழகுகிற அறையில் பதினாலு வருடம் உதவியாளாக இருந்துவிட்டு, வேலையை விட்டு வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பொம்பளைங்க வகுப்பில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரே ஆம்பளைக்குக் கொடுத்த மரியாதை அது.

நான் அங்கே போய் மாட்டியதே ஒரு கூத்து. நீங்கள் இரண்டு பேரும் அப்போது பிறக்கவில்லை. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாலு வருடம். கையுறை ஃபாக்டரியில் மிஷினுக்குள் இடது கை போய், இரண்டு விரல் நசுங்கி, நான் வீட்டில் கிடந்தேன். கட்டைப் பிரித்த பிறகு, விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். நான் டிவி ரிமோட்டை அமுக்குகிற வேலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் எங்கள் தாமான் பாலாய் ராயாவில், அதாவது குடியிருப்பின் பொது மண்டபத்தில், துண்டுத் துணிப் போர்வை தைக்கிற வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். உங்கள் அம்மா ஆசையாகப் பேர் கொடுத்தாள். கொடுத்த மறுவாரமே அவளுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள்.

"பேரக் குடுத்துட்டு சும்மா இருந்தா மரியாத இல்லங்க. இந்தத் துணியக் குடுத்துட்டு, வரலன்னு சொல்லிட்டு வாங்க" என்று ஒரு மூட்டையைக் கையில் கொடுத்தாள். போனேன்.

பத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க. எல்லாரும் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள். செமோர் பக்கம் எங்கள் தோட்டம் விற்றுப்போய், பால் மரம் நின்ற நிலத்திலேயே வரிசை வீடுகள் வந்து, அதிலேயே குடிவந்தவர்கள்தானே நாம் எல்லாரும். நான் வாசலில் நின்றபடி, "என் வொய்ஃபுக்கு ஷிஃப்ட்டு..." என்று இழுத்தேன்.

டீச்சர் முந்திக்கொண்டார். "உள்ள வாங்கண்ணே, ஒக்காருங்க. நோட்டீஸ்ல பொம்பளைங்களுக்குன்னு போட்டது என் தப்பு. ஆம்பளைங்களும் வரலாம்னு எழுதியிருக்கணும்."

"இல்ல டீச்சர், நான் இந்தத் துணியக் குடுத்துட்டுப் போலாம்னு..."

"ஓடப் பாக்குறாரு டீச்சர், கதவ சாத்துங்க!" என்று கத்தினாள் சாந்தி. அவள் என் பள்ளித் தோழனின் தங்கை, வாய்த் துடுக்கு. "அண்ணே, ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? இல்ல, மீசையத்தான் முறுக்கத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே போனால் பயந்துவிட்டான் என்பார்கள், உள்ளே உட்கார்ந்தால் பொம்பளை வேலை என்பார்கள். உட்கார்ந்துவிட்டேன். கோப்பிக் கடைக் கூட்டாளிகளிடம் மட்டும், கைக்குப் பயிற்சி எடுக்க ஈப்போவுக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். பொய்க்கு நான் அன்று புதியவன் இல்லை.

முதலில் பழகுகிறவர்களுக்கு என்று அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்பது கட்டம். "செனாங்தான் லா, ரொம்ப சுசா இல்ல" என்று, சுலபம்தான் என்று தைரியம் சொல்லி ஆரம்பித்தார். ஒரே அளவில் ஒன்பது சதுரம். ஐந்து ஒரு நிறம், நாலு இன்னொரு நிறம். நாலு மூலையும் நடுவும் அழுத்தமான நிறம், மிச்சம் நாலும் வெளிர் நிறம். மூன்று மூன்றாகத் தைத்தால் மூன்று வரிசை. மூன்று வரிசையையும் சேர்த்தால் ஒரு கட்டம் முடிந்தது. அப்படி முப்பது கட்டம் சேர்ந்தால் ஒரு போர்வை.

சதுரத்தை மூன்றரை இன்ச் வெட்டச் சொல்வார், தைத்து முடித்தால் மூன்று இன்ச்தான் இருக்கும். "மிச்சம் அர இன்ச்சு எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டேன்.

"தையல் தின்னுருச்சுண்ணே. இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால். நமக்கு மட்டுந்தான் பசிக்குமா?"

தைத்ததும் இஸ்திரி போட வேண்டும். தையலின் உள்மடிப்பை எப்போதும் அழுத்தமான நிறத்துப் பக்கம் சாய்த்துத் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்தால் முதல் வரிசை மடிப்பு வெளியே சாயும், இரண்டாவது வரிசை மடிப்பு உள்ளே சாயும். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடு ஒன்று தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கும். குண்டூசியே இல்லாமல் மூலை சேர்ந்துவிடும். அந்த மூலை சேர்கிற நேரம் விரலுக்கு ஒரு சின்ன 'டக்' தெரியும். நசுங்கின என் விரலுக்குக்கூட அது தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த வேலை பிடித்தது. இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட வேறு இருக்கிறது.

என் முதல் கட்டம் ஒரு பக்கம் ஒன்பதரை, மறுபக்கம் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல், மாறுகண் மாதிரி வந்தது. டீச்சர் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். தன் ரூலரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என் ரூலர்ல கோடு தேஞ்சு போச்சுண்ணே. அதான் ஒங்களுக்குக் கோணிக்கிச்சு" என்றார்.

ரூலரில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "டீச்சரோட ரூலர் சரியில்ல, அதான் கோணலா வந்துருச்சு" என்று சொன்னேன். இரண்டு நாளில் நானே அதை நம்பிவிட்டேன். மற்றவர் பழியை எடுத்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகிறது. முதலில் நன்றியாக இருக்கும். பிறகு பழகிவிடும். அப்புறம் அது அவர் வேலை என்று ஆகிவிடும்.

எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் சாந்தி சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு போனில் பேசப் போய்விட்டாள். மண்டபத்து மேசையில் முக்கோணமாக ஒரு கருப்பு விழுந்தது. மண்டபச் செயலாளர் வந்து, "யாரு இந்த வேல பாத்தது? இது என்ன ஒங்கப்பன் வீட்டு மேசையா?" என்று சத்தம் போட்டார்.

"நான்தான் சார், மறந்துட்டேன்" என்றார் டீச்சர்.

அந்த ஆள் எங்கள் எல்லார் முன்னாலும் கால் மணி நேரம் ஏசினார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். செயலாளர் போனதும் சாந்தி, "டீச்சர் இருக்க நமக்கு என்னா பயம்" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு தடவை கேட்டேன். "ஏன் டீச்சர் எல்லாத்தையும் இழுத்து ஒங்க தலையில போட்டுக்கிறீங்க?"

அவர் வெட்டிய துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரி தையல் ரூம்ல ஒரு அம்மா இருந்தாங்கண்ணே. ஒரு கட்டம் தைக்க நாலு மாசம் எடுத்தாங்க. அவ்ளோ ஆசையா தச்சாங்க. முடிச்சுக் கொண்டாந்து காட்டுனப்ப, இங்க தப்பா இருக்கும்மான்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். அதோட அவங்க ஊசியத் தொடல. எவ்ளோ கெஞ்சியும் தொடல. அதுலருந்து பழகிப்போச்சு. என் மேல போட்டுக்கிட்டா அடுத்தவங்க வேல நிக்காம நடக்குது. எனக்கென்ன, தேஞ்சா போயிருவேன்?"

நான் தலையை ஆட்டினேன். தேய மாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். துணி வெட்டுவதற்கு ஒரு சக்கரக் கத்தி வைத்திருந்தார். பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி இருக்கும், ஆனால் சவர பிளேடு போலக் கூர். ரூலரைத் துணிமேல் இடது கையால் அமுக்கிப் பிடித்து, கத்தியை ரூலர் ஓரமாக நம்மைவிட்டு வெளியே தள்ள வேண்டும். எங்கள் ஒருவருக்கும் அது வரவில்லை. நாங்கள் எல்லாரும் பால் மரம் வெட்டின ஆட்கள், அல்லது வெட்டினவர்களின் பிள்ளைகள். பால் வெட்டுகிற கத்தியைப் பட்டையில் வைத்து நம் பக்கமாகத்தான் இழுப்போம். நானும் பதினாறு வயதிலிருந்து தோட்டம் விற்கிற வரைக்கும் அப்பாவோடு போய் வெட்டியிருக்கிறேன். கத்தியைப் பிடித்தால் கை தானாக உள்ளே வரும்.

"தள்ளுங்க! வெளிய தள்ளுங்க! இழுக்காதீங்க, ரூலர் வழுக்கிடும்!" என்று டீச்சர் கத்துவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதற்கு மட்டும்தான்.

"மரம் வெட்டுன கையி டீச்சர், உள்ளதான் வரும். செத்தாலும் மாறாது" என்றார் பாக்கியம் அக்கா.

பாக்கியம் அக்காவை உங்களுக்குத் தெரியும். நம் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர். தீபாவளிக்கு உங்களுக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறவர். அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. பதினோரு வயதில் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் பாவாடை ஒன்று இருந்தது. ஒரு தீபாவளிக்கு மத்தாப்புப் பொறி பட்டு அதில் ஓட்டை விழுந்துவிட்டது. அம்மா ஏசுவாள் என்று பயந்து, அந்தப் பிள்ளையே ஓட்டையை மூடி சிவப்பு நூலில் ஒரு பூ தைத்துவிட்டாள். ஐந்து இதழ். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று பாதியில் நூல் தீர்ந்து பச்சையில் முடிந்திருக்கும். அதற்கடுத்த வருடம் பிள்ளை இல்லை.

அந்தப் பாவாடையை அக்கா வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதல் வாரம் பையைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போய்விட்டார். இரண்டாவது வாரம் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் எடுத்துப் போனார். மூன்றாவது வாரம் டீச்சர் கையில் கொடுத்தார்.

"இந்தப் பூ நடுக்கட்டத்துல வரணும் டீச்சர். முழுசா வரணும். ஒரு எதழும் தையலுக்குள்ள போயிடக் கூடாது. மூலைக்கெல்லாம் பாவாடையில மிச்சத் துணி போதும்."

"முழுசா வரும்கா. நானே வெட்டுறேன். வேற யாரும் தொட மாட்டாங்க" என்றார் டீச்சர். பூவைச் சுற்றி சாக்கட்டியால் மூன்றரை இன்ச் சதுரம் வரைந்தார். பெரிய இதழ் கோட்டுக்கு ரொம்பக் கிட்டே வந்தது. இன்னும் ஒரு தடவை அளந்தார். "இன்னைக்கு வேணாம்கா, கையி நடுங்குது. அடுத்த வாரம் காலையில, தெளிவா இருக்கிறப்ப வெட்டிக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் நான் சீக்கிரமே போய்விட்டேன். மண்டபம் திறந்திருந்தது, யாரும் இல்லை. டீச்சர் பின்னால் கழிவறைப் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மேசைமேல் பச்சைப் பாய் விரித்து, அதன்மேல் அந்தப் பாவாடை, ரூலர், சக்கரக் கத்தி எல்லாம் தயாராக இருந்தன.

நான் ஏன் அதைத் தொட்டேன் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. அது வரைக்கும் எல்லாரையும்விட நான் கொஞ்சம் நன்றாக வெட்டுகிறேன் என்று ஒரு நினைப்பு. டீச்சருக்குக் கை நடுங்குகிறது, எனக்கு நடுங்காது, வெட்டிக் கொடுத்தால் ஆச்சரியப்படுவார் என்று ஒரு நினைப்பு. ரூலரை வைத்தேன். முதல் பக்கம் ஒழுங்காக வெளியே தள்ளி வெட்டினேன். இரண்டாவது பக்கமும் சரி. மூன்றாவது பக்கம் அந்தப் பெரிய இதழுக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜாக்கிரதை என்று நினைத்ததும் கை தனக்குப் பழகினதைச் செய்தது. இழுத்தேன்.

ரூலர் வழுக்கியது. கத்தி பூவின் நடுவே போனது.

இடது கை விரலில் வலு இல்லை, அதனால்தான் ரூலர் வழுக்கியது என்று உங்களிடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். இழுக்காதே என்று அவர் எத்தனை தடவை கத்தியிருப்பார்.

டீச்சர் தண்ணீர் ஜாடியோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். என் கையில் கத்தியைப் பார்த்தார். ஜாடியைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து, பூவின் இரண்டு பாதியையும் விரலால் தள்ளிச் சேர்த்துவைத்துப் பார்த்தார். நூல் அறுந்து இதழ்கள் பிரிந்துகொண்டிருந்தன. என் கையிலிருந்து கத்தியை வாங்கி, மூடி, பையில் வைத்தார்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம். பாக்கியம் அக்கா வந்தார், பின்னாலேயே சாந்தியும் இன்னும் நாலைந்து பேரும்.

அக்கா நேராக மேசைக்குத்தான் வந்தார். பார்த்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்கா" என்றார் டீச்சர். "கையி வழுக்கிருச்சு. என் தப்பு."

நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து 'இல்லக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனசுக்குள் 'அப்பாடா' என்று இருந்தது. பிள்ளைகளா, அந்த 'அப்பாடா'வைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அதைவிடக் கேவலமான ஒன்று என் வாழ்க்கையில் இல்லை.

பாக்கியம் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பூவின் இரண்டு துண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒன்ன நம்பிக் குடுத்தேன் பாரு. பெத்துப் பறிகுடுத்தவளுக்குத்தான் இது என்னான்னு தெரியும். ஒனக்கு எங்க தெரியும். வயித்துல ஒண்ணு தங்கியிருந்தால்ல தெரியும்."

சாந்திகூட வாயைத் திறக்கவில்லை. டீச்சருக்குப் பிள்ளை இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

டீச்சர் தலையைக் குனிந்து, "ஆமாக்கா" என்றார்.

அப்போதும் நான் பேசவில்லை. முதலில் பேசாததற்குக் காரணம் பயம். இப்போது பேசாததற்குக் காரணம் வேறு. எங்களுக்கும் அப்போது பிள்ளை இல்லை. நாலு வருடமாக உங்கள் அம்மா கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் அந்தச் சொல் அப்படியே திரும்பி என் வீட்டுக்கு வரும், உங்கள் அம்மா காதில் விழும் என்று நினைத்தேன். அதை டீச்சர் தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். என் மனைவிக்காகச் செய்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அது என் மனைவிக்கு ஆகாத சொல் என்றால், அந்தப் பொம்பளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

அடுத்த வாரம் வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்களாம். அதற்கடுத்த வாரம் ஒருவரும் போகவில்லையாம். 'வந்தார்களாம், போகவில்லையாம்' என்று எழுதுகிறேன், ஏனென்றால் நானும் போகவில்லை. கை சரியாகிவிட்டது என்று ஃபாக்டரிக்குத் திரும்பிவிட்டேன். டீச்சர் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, மண்டபத்தைக் கூட்டிப் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சாந்தி சொன்னாள். "நம்ம டீச்சருக்கு அன்னைக்கு என்னாதான் ஆச்சுண்ணே? அவங்க கையி வழுக்குற கையா?" என்று என்னிடமே கேட்டாள். "யாருக்குத் தெரியும்" என்றேன்.

பிறகு நீங்கள் பிறந்தீர்கள். முதலில் மகள், இரண்டு வருடம் கழித்து மகன். பாக்கியம் அக்கா வந்து உங்கள் இருவரையும் தூக்கிக் கொஞ்சினார். "தம்பி, ஒங்க நல்ல மனசுக்குத்தான் ஆண்டவன் குடுத்திருக்கான்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மகளே, போன மாதம் உன் பள்ளிக்கூட நீலச் சட்டை நீளமாக இருக்கிறது என்று ஈப்போ பேரங்காடிக்குப் போனோமே, கீழ்த்தளத்தில் துணி திருத்துகிற சின்னக் கடைக்கு, அங்கே வாயில் குண்டூசிகளோடு உனக்கு அளவெடுத்தாரே ஒரு ஆன்ட்டி, அவர்தான் டீச்சர். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு முதலில் கேட்டது, "அண்ணே, கையி சரியாயிருச்சா? வெரல் மடங்குதா?"

மடங்குகிறது என்று காட்டினேன்.

"ஒங்க பொண்ணா? அழகா இருக்கா" என்று உன் தோளைப் பிடித்துத் திருப்பி, கீழ்மடிப்பில் ஊசி குத்தினார். நீ கையில் ஐஸ்கிரீமோடு நின்றாய். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று குனிந்து, மெதுவாகச் சொன்னேன். "டீச்சர், அந்தப் பாவாட... அன்னைக்கு நான்..."

அவர் 'விடுங்கண்ணே, என் தப்பு' என்று சொல்வார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் மிச்ச ஊசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தார்.

"அது எனக்குத் தெரியாதாண்ணே? கத்தி ஒங்க கையில இருந்தப்ப உள்ள வந்தது நான்தான?"

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"தெரிஞ்ச என்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்ககிட்ட சொன்னீங்களா?"

நான் உன் கையிலிருந்த ஐஸ்கிரீமைப் பார்த்தேன்.

"அவங்க வீடு ஒங்க வீட்டுலருந்து எவ்ளோ தூரம்?"

"நாலு வீடு."

"நாலு வீடு" என்று திருப்பிச் சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் அது நான் கேட்காத குரல். "பழக்க தோசத்துல நான்தான்னு வாயில வந்துருச்சுண்ணே. அது என் குணம். அடுத்த நிமிசம் நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேன். அவங்க அந்த வார்த்தயச் சொல்றப்ப நான் தலையக் குனிஞ்சது ஒங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னால ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன். அது ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

பிறகு ரசீது எழுதினார். "புதன்கிழமை வாங்க, தச்சு வச்சிருக்கேன்" என்றார். உன் கன்னத்தைத் தட்டினார். என்னை அதற்கு மேல் பார்க்கவில்லை.

காரில் நீ கேட்டாய். "அந்த ஆன்ட்டி ஏம்ப்பா ஒங்கள ஏசுனாங்க?" நான், "ஏசலம்மா, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்" என்றேன். பத்து வருடத்துக்கு அப்புறமும், ஏழு வயதுப் பிள்ளையிடம்கூட, எனக்கு முதலில் வந்தது பொய்தான். அதனால்தான் இதை வாயால் சொல்லாமல், நீங்கள் பெரிசானதும் படிக்க எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சம் நிதானம் இருக்கிறது.

அன்றைக்கே பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. புதன்கிழமை சட்டையை வாங்கினேன். கடையில் வேறு ஒரு பெண் இருந்தாள், அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வியாழன் ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஓரமாக நின்றாள். போனேன்.

அக்கா வெளியே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்று, கேட்டுக்கு உள்ளே ஒரு அடி வைத்து, அங்கேயே நின்று சொன்னேன். மேசை, ரூலர், இழுத்தது, டீச்சர் உள்ளே வந்தது, எல்லாம். வரிசையாகச் சொன்னேன், எதையும் விடவில்லை.

அவர் கையில் ஈரத் துண்டு ஒன்று இருந்தது. அதைக் கொடியில் போடவும் இல்லை, வாளியில் போடவும் இல்லை. என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ண அன்னைக்கு நான் என்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"சொல்லு."

"அக்கா..."

"சொல்லு. நான் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். என் வாயால், பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருக்கும்போது, அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசி வார்த்தை வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"அவ நம்பர் ஒன்கிட்ட இருக்கா?"

என் பர்ஸில் கிடந்த கடை ரசீதில் இருந்தது. உள்ளே போய் போனைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு எண்ணாக நான் படிக்க, அவர் அமுக்கினார். பாதியில் தப்பாகி, மறுபடி முதலிலிருந்து அமுக்கினார். காதில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் நான் இன்னும் நிற்பதைக் கவனித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீ போ தம்பி. இது நாங்க ரெண்டு பேரும் பேசுறது."

நான் வெளியே வந்தேன். அவர் கேட்டை உள்ளேயிருந்து சாத்தினார். "ஹலோ" என்று அவர் குரல் கேட்டது. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நடக்க ஆரம்பித்தேன்.